சுரங்கத்தின் வேகம்

அந்த வீட்டில் கண் டாக்டரின் காதுபடப் பணி ஓய்வைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எழுதி ஒட்டிய விதியல்ல; ஆனாலும் மீறியவர் எவரும் இல்லை. அவர் மனைவிகூட, "கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "சும்மா சாஞ்சுக்குங்க" என்றுதான் சொல்வாள்.

"என்னம்மா இது, பேய் பிடிச்ச மாதிரி ஓடுது!"

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்த டாக்டர், மவுஸைத் தள்ளிவிட்டார். திரையில் அவருடைய நீர்மூழ்கிக் கப்பல், புறப்பட்ட வேகத்திலேயே சுரங்கச் சுவரில் மோதிச் சிதறியது.

மகளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. மென்பொருள் எழுதிப் பிழைப்பவள், விடுமுறை நாளிலும் அதையே கட்டிக்கொண்டு அழ வேண்டியிருந்தது. அப்பா இளம் டாக்டராக இருந்த காலத்து விளையாட்டு அது. புதிய கணினிக்கு அதன் பாஷையே புரியாது. பழைய கணினியைப் போல நடிக்கும் எமுலேட்டர் ஒன்றை நிறுவி, அதற்குள் இதை ஓடவைக்கக் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். முதலில் திரை இருண்டே கிடந்தது. படம் வந்தபோது மவுஸ் அசையவில்லை. மவுஸ் அசைந்தபோது சத்தம் போயிற்று.

"சத்தத்தை விடு, அது எதுக்கு? கலர்கூட வேண்டாம். வேகம் மட்டும் அன்னைக்கு இருந்த மாதிரியே இருக்கணும். இம்மி கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

"அப்பா, இது விளையாட்டுப்பா. உங்க ஆபரேஷன் தியேட்டர் இல்ல."

அவர் சிரிக்கவில்லை.

தண்ணீர் குடிக்கப் போனவளை அம்மா சமையலறையில் மறித்தாள். "நாளைக்குப் பெரிய ஆபரேஷன்டி. அந்த மனுஷனுக்குப் பார்வை இருக்கறதே அந்த ஒரு கண்ணுலதான். உங்கப்பா சரியா சாப்பிடறதில்ல, எரிஞ்சு எரிஞ்சு விழறார். இதை ஆடியாவது மனசு லேசாகட்டும். எப்படியாவது ஓட வச்சுக் குடு."

"நான் என்ன மாட்டேன்னா சொல்றேன்? உன் வீட்டுக்காரர்தான் குத்தம் கண்டுபிடிக்கறதுக்குன்னே உக்காந்திருக்கார்."

குற்றம் விளையாட்டின் மேல்தான். அது காலத்தை அளந்ததே கணினியின் வேகத்தைக் கொண்டுதான். இன்றைய கணினியில் கடிவாளம் அறுந்த குதிரையாகப் பறந்தது. பழைய கணினியிலேயே யாரோ ஆடிப் பதிவுசெய்து இணையத்தில் ஏற்றியிருந்த வீடியோவைக் கைப்பேசியில் பக்கத்தில் ஓடவிட்டு, எமுலேட்டரின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பிடித்தாள். கடைசியில் இரண்டு சுரங்கங்களும் ஒட்டிப் பிறந்தவைபோல் ஒன்றாக நகர்ந்தன.

"இப்ப ஆடுங்க. இதுதான் அந்தக் காலத்து வேகம்."

மோதினார். மறுபடியும் மோதினார். "இல்லம்மா, இன்னும் வேகமாத்தான் இருக்கு."

"வீடியோவோட வச்சுப் பாத்துட்டேன்பா!"

"அப்போ அந்த வீடியோ தப்பு. இந்தச் சுரங்கத்துல நான் ஒரு தடவைகூட சுவர்ல உரசினதில்ல. எனக்குத் தெரியாதா?"

கைப்பேசி அடித்தது. மருத்துவமனையின் தலைமை நர்ஸ். "நாளைக்கு நானா, சின்ன டாக்டரான்னு சாயங்காலம் சொல்றேன் சிஸ்டர்" என்று சுருக்கமாக முடித்துவிட்டு, முகம் கழுவ எழுந்து போனார்.

இதற்கு மேல் வாதாட மகளிடம் தெம்பில்லை. அவர் திரும்புவதற்குள் வேகத்தில் கால்வாசியை வெட்டினாள். ஜெயித்துத் தொலையட்டும், வீட்டுக்காவது நிம்மதி.

"ஒரு செட்டிங் தப்பா இருந்துச்சுப்பா. சரி பண்ணிட்டேன்."

கப்பல் சுரங்கத்துக்குள் நுழைந்தது. வளைவுக்கு வளைவு நிதானமாகத் திரும்பி, எந்தச் சுவரிலும் உரசாமல் மறுமுனையில் வெளிவந்தது.

டாக்டர் தம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா? இதைத்தான் காலைலேருந்து சொல்லிட்டிருந்தேன்!"

மேசையைத் துடைக்க வந்த அம்மா, மகளைப் பார்த்து நன்றியோடு கண் சிமிட்டினாள். மகள் நாற்காலியில் சரிந்தாள்.

அவர் கைப்பேசியை எடுத்தார். "சிஸ்டர், நாளைக்கு நானே பண்றேன், சின்ன டாக்டர் வேண்டாம். சந்தேகமே இல்ல. கை கொஞ்ச நாளா மக்கர் பண்ணுதோன்னு எனக்கே உள்ளுக்குள்ள ஒரு பயம் இருந்துச்சு. அந்தக் காலத்துல ஒவ்வொரு ஆபரேஷனுக்கு முன்னாடியும் கையைச் சோதிச்சுக்க ஒரு வழி வச்சிருந்தேன். இப்பத்தான் சோதிச்சுப் பாத்தேன். கை அப்படியே இருக்கு!"

மகள் எழுந்து நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்த விதத்தைப் பார்த்து, காரணம் புரியாமலேயே, வேண்டாம் என்று அம்மா தலையசைத்தாள்.

"போனை வச்சிடாதீங்கப்பா. வேகத்தை நான்தான் குறைச்சு வச்சேன். ரிடையர் ஆயிட்டேன்னு சொல்லிடுங்க."