நாவலுக்கு அனுமதி

சிமெண்ட் மூட்டை தூக்கித் தூக்கியே நுரையீரலைத் தொலைத்தவர் மூட்டைக்காரர். ஐம்பது வயதுக்கு மேல்தான் மகளிடம் எழுத்துக் கூட்டப் பழகினார். “மூச்சு முட்டுறப்போ ஏதாவது எழுதுங்க, மனசு லேசாகும்” என்று டாக்டர் சொன்னதும் கதை எழுத உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து மாதாமாதம் ஒவ்வொரு மாத்திரையாக டாக்டர் நிறுத்திக்கொண்டே வந்தார்.

“பார்த்தியா? என் கதைகிட்ட உன் மாத்திரை டப்பா தோத்துப்போச்சு!” என்று மனைவியைச் சீண்டுவார்.

“ஆமா, பெரிய எழுத்தாளர்! கதையில வர்றவளாவது நல்லா சமைக்கிறாளா?”

“அவளும் உன்னை மாதிரிதான். உப்பைக் கண்ணுல காட்ட மாட்டா.”

இன்று கடைசி மாத்திரையையும் டாக்டர் நிறுத்தினார். மூட்டைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

“அப்ப குணமாயிடுச்சு! இனிமே பெரிய நாவலா ஆரம்பிக்கட்டுமா டாக்டர்?”

டாக்டர் அவர் மனைவியைப் பார்த்தார். முன்பே தெரிந்தவளாக அவள் தலைகுனிந்துகொண்டாள்.

“வேணாங்க. சின்னதா எழுதுங்க... முடிக்கிற மாதிரி.”

மாத்திரைகள் ஏன் குறைந்தன என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எந்த மருந்துக்கும் இனி அந்த நெஞ்சு கேட்காது. காய்த்துப்போன உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரிங்க டாக்டர்” என்றார். “ஒரு பக்கத்துல முடிச்சிடறேன்.”