மீட்டர் ஓடாத வீடு

கரண்டு இல்லாத வீட்டில் மகனுக்குப் பெண் எடுக்க மாட்டேன் என்றிருந்த வளன், பெண்ணின் அப்பா சிலுவையின் புது வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அப்போது கரண்டு ஆபீசர் லைன்மேனோடு வந்து நின்றார்.

“மீட்டர் அசையவே இல்ல. ஆனா சித்திரை வெயில்ல வீடு இம்புட்டுக் குளுருது. திருட்டுக் கரண்டுல ஓடுத ஃபேன எங்க ஒளிச்சி வச்சிருக்கீரு?”

“கடலப் பாத்து சன்னல் வச்சிருக்கேன் சார். மேல ரெட்டை ஓடு.”

“கதை விடாதேயும் வே. உள்ள தள்ளிருவேன்.”

வளன் குறுக்கிட்டார். “திருட்டோ என்னவோ, கரண்டு இருக்குல்லா?”

சிலுவை உள்ளே நின்ற மகளைப் பார்த்தார். “திருடுனது நாந்தான் சார்.”

“ஏலே, லைன வெட்டு.”

லைன்மேன் கம்பத்தில் ஏறினான். ஏறியவன் அங்கேயே தலையைச் சொறிந்தான். “சார், இந்த வீட்டுக்கு நாம மீட்டர் மட்டுந்தான் மாட்டிருக்கோம். இன்னும் லைனே இழுக்கல.”

வளன் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“வீட்டக் கட்டுன கொத்தனார் யாரு, சம்பந்தி?”