இன்னொரு தடவை விழுங்குங்க

மாமியார் கழுத்தை நீட்டிப் படுத்திருந்தார். முன்னாள் மாமியார்.

தோளுக்கடியில் தலையணை, தொண்டை முழுக்கச் சில்லென்ற ஜெல். ஸ்கேன் டாக்டர் முகக்கவசத்தைக் கண் வரை ஏற்றிக்கொண்டாள். அடையாளம் தெரியாமல் இருந்தால்தான் ஆட்டம் ருசிக்கும்.

இவள் துவைத்த துணியை முகர்ந்து பார்த்து, மறுபடி துவைக்கச் சொன்னவர். பிள்ளை பெறத் துப்பில்லாதவள் என்று மகன் காதில் ஓதி ஓதியே மூன்று வருடத்தில் இவளை வீட்டைவிட்டுத் துரத்தியவர்.

தைராய்டின் வலப்பக்கம் பெரிய கட்டி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அகலமாக, ஓரம் சீராக, உள்ளே பஞ்சுபோலப் பொடிப்பொடித் துளைகள். சாதுக் கட்டி. ஒன்றும் செய்யாது.

ஐந்து நிமிட வேலை. பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

அனுப்பவில்லை. கொஞ்சம் வயிற்றில் புளி கரையட்டும்.

அளந்தாள். அழித்துவிட்டு மறுபடி அளந்தாள். திரையைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். மாமியாரின் கை படுக்கை விரிப்பை இறுகப் பற்றியது. விவாகரத்துக்குப் பிந்தைய ஆறு வருடத்தில் இவ்வளவு மனநிறைவோடு அவள் எந்த வேலையையும் செய்ததில்லை.

"எச்சில் விழுங்குங்க... இன்னொரு தடவை."

தேவையே இல்லை. ஆனாலும் தொண்டை வறண்டு அந்த அம்மாள் திணறுவதைப் பார்க்க நன்றாக இருந்தது.

ஏழாவது தடவை விழுங்கியபோது, இடப்பக்கம் காரை எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த ஒன்று மேலேறி வந்தது.

சின்னதுதான். கன்னங்கரேலென்று, அகலத்தைவிட உயரம் கூடுதலாக. பிய்ந்த ஓரம். உள்ளே உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். ஊசி குத்திப் பார்த்துத்தான் புற்று என்று எழுத முடியும், ஆனாலும் அவளுக்குச் சந்தேகமில்லை. இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வதைக்க உட்கார்ந்து, காப்பாற்றித் தொலைத்துவிட்டாளே!

மாமியார் கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"ஏதோ இருக்கு, இல்ல? ரெண்டு இடத்துல ஒண்ணுமில்லன்னு அனுப்பிட்டாங்க, குரல் மட்டும் கம்மிக்கிட்டே போச்சு. என்கிட்ட குத்தம் இருந்தா நீ விடமாட்டேன்னுதான் உன்னைத் தேடி வந்தேன்."

அவள் முகக்கவசத்தை இறக்கினாள். பழிவாங்கும்போதுகூட அவளிடம் வேலை வாங்கிவிட்டார் அந்த அம்மாள்.