ஒரு தொடலில் ஆறு பொட்டு

மாலை வகுப்பில் படித்ததை நம்பி, கனகசபை சாரின் பழுதான ஆறு ஹார்ட் டிஸ்க்குகளையும் எப்படியோ பிரதி எடுத்துவிட்டேன். ஆறும் ஒரே பெட்டியில் மேலும் கீழுமாக இருந்து, ஒவ்வொரு வீடியோவையும் துண்டு துண்டாகப் பங்கிட்டு வைத்திருந்தவை. ஆனால் பெட்டியிலிருந்து கழற்றும்போது அவர் எண் போட்டு வைக்கவில்லை. சரியான வரிசையில் சேர்த்தால்தான் உள்ளே இருப்பது திறக்கும். ஆறை எழுநூற்றிருபது விதமாக அடுக்கலாம்.

“வடிவு ஸ்கூட்டர் பழகின வீடியோம்மா. கீழ விழுந்துட்டு என்னைத் திட்டுவா. அந்தத் திட்டை ஒருதரம் கேக்கணும்,” என்றார். அவர் மனைவி போன தை மாதம் இறந்துபோனார்.

முடியாது என்று தோன்றியது. திருப்பிக் கொடுக்க ஒரு டிஸ்க்கைத் துடைத்தேன். மற்ற ஐந்தின் முகப்பிலும் காய்ந்த குங்குமம் இருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன்.

“ஆயுத பூஜைக்கு அவ வச்சது. குழைச்சு ஒருதரம்தான் தொடுவா. மேலேருந்து கீழ வரைக்கும் அதையே இழுத்துடுவா, கஞ்சப் பிசினாறி,” என்றார் சார்.

ஐந்து பொட்டுகளும் ஒன்றைவிட ஒன்று வெளிறியிருந்தன. பிரதிகளை அந்த வரிசையில் அடுக்கினேன். நான் துடைத்தது எத்தனையாவது? பயந்துகொண்டே துணியை விரித்தேன். ஐந்தையும்விட அடர்ந்த சிவப்பு. அதை முதலில் வைத்தேன்.

திரையில் ஸ்கூட்டர் கிளம்பியது.

“பாத்துடி, பாத்து,” என்றார் அவர்.