கன்னத்துத் தழும்பு

மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுத்த பெண்ணின் கன்னத்தையே மாத்திரை வாங்க வந்த ஓர் அம்மாள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

“தீக்காயமாம்மா? எப்படிப் பட்டுச்சு?”

“அதைச் சொன்னா மாத்திரை சீக்கிரம் வேலை செய்யுமா?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

“யார் கேட்டாலும் இப்படித்தான் பட்டுனு சொல்லிடுவியா?”

“பின்னே? கதை சொல்லவா கடையில நிக்கிறேன்?”

“எனக்கும் சொல்லிக் கொடும்மா. என் பொண்ணுக்கும் முகத்துல இப்படித்தான். நாளைக்கு மறுபடி காலேஜ் போகணும். ‘கேட்டா என்னம்மா சொல்றது’ன்னு அழறா. எனக்குத் தெரியலை.”

கடைப்பெண்ணின் குரல் இறங்கியது.

“நானும் அழுது அழுதுதான் கத்துக்கிட்டேன்மா. எங்கே அவ?”

“வாசல்ல நிக்கிறா. உள்ளே வர மாட்டேங்கிறா.”

“கொஞ்சம் பொறுத்துக்கங்க” என்று வரிசையில் நின்றவர்களிடம் சொல்லிவிட்டு, அவள் வாசலுக்கு நடந்தாள்.