சாயங்காலம் அரை மணி

கருப்பியின் முன்னங்காலில் இரண்டு முறை அறுத்தெடுத்த புண், மறுபடியும் சதை வைத்து எலும்பைத் தொட்டுவிட்டது.

"இனிமே அறுக்க இடமில்லைங்க," என்றார் குதிரையைப் பார்க்க வந்த மருத்துவர். "ஊசி போட்டு அனுப்பிவச்சிடுவோம். பாவம், வலி தாங்காது."

"கண்ணுக்குள்ள வச்சுப் பார்த்தேனே சார்," என்றார் வண்டிக்காரர். "ஒரு வேளைகூட மருந்து தவறலை."

"பெத்த பிள்ளைக்குக்கூட இவர் இப்படிச் செஞ்சதில்லை," என்றாள் அவர் மனைவி. "அரிப்புல காலைக் கடிச்சுக் குதறிடும். சாயங்காலம் அரை மணி இவர் கூட நின்னாத்தான் அடங்கும்."

ஊசி போட்டாயிற்று. கருப்பி வண்டிக்காரர் மடியில் தலையைச் சாய்த்து அடங்கியது.

மருத்துவர் பெட்டியை மூடினார். "ஆய்வக முடிவு இன்னைக்குத்தான் வந்துச்சு. பூஞ்சை மாதிரி ஒரு கிருமி. தேங்கின தண்ணியில இருக்கும், புண் வழியா ஏறிக்கும். எத்தனை தடவை அறுத்தாலும், மறுபடி அதே தண்ணியில இறக்கினா திரும்ப வந்துடும். கொட்டகையில நிக்கிற இன்னொரு குதிரையையாவது பத்திரமா பார்த்துக்கங்க."

கருப்பியின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்த கையை வண்டிக்காரர் எடுத்துக்கொண்டார்.

"கொட்டகைக்குப் பின்னாடி பள்ளம் வெட்டித் தண்ணி நிரப்பி வச்சேன் சார். அரிப்புக்கு இதமா இருக்குமேன்னு, தினம் நானே அதுகூட இறங்கி நிப்பேன்."

அவர் கால்சட்டையில் முழங்கால்வரை ஈரம் இன்னும் காயவில்லை.