இறால் தொடாத திருக்கை

விராட் வளர்த்த நன்னீர்த் திருக்கை வாரக்கணக்கில் இறாலைத் தொடவில்லை. வயிறு மட்டும் உப்பிக்கொண்டே போனது. பாங்காக்கின் மீன் மருத்துவர் குழாய் விட்டு அதன் வயிற்றைக் கழுவினார். ஒட்டரிசிச் சோறும் பப்பாளிக்காய்ச் சீவலும் வந்தன.

"திருக்கைக்கு யாருங்க சோறு போட்டது?"

"யாரும் போடலைங்க. அது நான் மத்தியானம் சாப்பிட்டது," என்றாள் விராட்டின் மனைவி புஸ்ஸடி.

சில வாரங்களாக எவ்வளவு தின்றும் அவளுக்குப் பசி அடங்கவில்லை. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. விராட்டின் கண்ணில் அது பட்டதேயில்லை.

அன்று மாலை அவன் இறாலை அவித்து, தன் கையாலேயே உரித்து அவள் தட்டில் வைத்தான். கல்யாணமானதிலிருந்து முதல் தடவை. அவள் கண் கலங்கியது.

"சோறு அதுக்கு ஆகாதாம், புஸ். இனிமே நீ எறாலே தின்னு."

அவள் விழுங்க விழுங்க, அவன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.